முன்சீட்டு

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜர் துரை ஓட்டிக் கழித்துவிட்ட லேண்ட் ரோவரை எழுபதுகளின் கடைசியில் நான் வாங்கினேன். லயத்து வீட்டுக்குப் பின்னால் ஞாயிறுதோறும் அதன் அடியில் படுத்துக் கிடந்தேன். கிளட்ச் தட்டை மாற்றினேன், பிரேக் குழாயை மாற்றினேன், துருவேறிய தரைக்குத் தகரம் வைத்துப் பற்றவைத்தேன். முன்சீட்டுக்குப் புதுப் பஞ்சு அடைத்துத் தைத்தேன். அது அப்பாவுக்காக. கவாத்துக் கத்தியோடு இதே வண்டியின் பின்தட்டில் நின்றபடி வேலைக்கு மலையேறியவர் அவர்.

ஒரு மழைநாள் காலையில் அவருக்கு மூச்சுத் திணறியது. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியைக் கிளப்பினேன். அப்பா பின்பக்கம் போய் ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தார்.

“முன்னாடி உக்காருப்பா.”

“வேணாம்லா. அது துரை உக்கார்ற எடம்.”

“இப்ப இது நம்ம வண்டிப்பா.”

“இருக்கட்டும். எனக்குப் பின்னாடிதான் பழக்கம்.”

அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

“சொன்னா கேக்க மாட்ட? ஏறு” என்று கத்தினேன்.

அப்பா உடனே முன்னால் வந்து ஏறினார். தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். துரைக்கு முன்னால் மட்டும்தான் அவர் அதைக் கழற்றுவார்.

கதவு இடுக்கில் சாரல் அடித்தது. குல்லாவைப் போட்டுக்கொள்ளும்படி வழியெல்லாம் கெஞ்சினேன். தலையை ஆட்டினாரே தவிர, போடவில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பும்போது நான் எதுவும் சொல்லாமலே முன்சீட்டில் ஏறினார். ஏறும் முன் குல்லாவைக் கழற்றினார்.

துரையின் பழசையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டதாக நினைத்திருந்தேன். அவருடைய குரல் என் தொண்டையில் இருந்திருக்கிறது.