மேஸ்திரி நின்ற விளக்குக் கம்பங்கள்

1932-ஆம் வருடம் டிசம்பர் 8-ந் தேதி, வியாழக்கிழமை, மாலை நாலு மணி நாற்பது நிமிஷம். காலையில் பெய்த மழை விட்டிருந்தது. வானம் மூட்டம். வடக்கேயிருந்து வாடைக்காற்று முகத்தில் அடித்தது. இராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் முதல் விளக்குக் கம்பத்தடியிலிருந்து நானும் என் சிநேகிதர் மேஸ்திரியும் காசிமேட்டுப் பக்கம் நடக்கப் புறப்பட்டோம். நாலு வருடம் கழித்தும் இவ்வளவு துல்லியமாக எப்படி ஞாபகம் என்று கேட்பீர்கள். ஞாபகம் இல்லை, எழுதி வைத்திருக்கிறேன்.

நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக, சுமைகாரர்கள் பேச்சில் 'ரைட்டராக', இருந்தவன். நாலு மூட்டைக்கு நாலு நெட்டுக்கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு. வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. மாடிப்படி பதினேழு. எதிர்வீட்டுக்காரர் விடிவதற்குள் இருமுவது சராசரி பன்னிரண்டு. இப்படி எல்லாவற்றுக்கும் கோடு போட்டுக்கொண்டிருந்தவனுக்கு, அறுபத்திரண்டாம் வயதில் ஒரு புதிய கணக்கு வந்து சேர்ந்தது. படுத்திருக்கும்போது என் இருதயம் இரண்டு தடவை அடித்து, ஒன்றைத் தவறவிட்டு, பிறகு ஒரு பெரிய அடியாக அடித்தது. நான் பயந்துபோனேன். அன்று முதல் தினம் மூன்று வேளை நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தேன். எங்கள் இருவரில் முதலில் போகப்போகிறவன் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மேஸ்திரி அதே துறைமுகத்தில் சுமை தூக்குகிறவராகச் சேர்ந்து, பிறகு நாற்பது பேரை மேய்த்தவர். இராயபுரத்து முஸ்லிம். என்னைவிட மூன்று வயது இளையவர். மார்பு அலமாரி மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு இருபது பீடி, நான் எண்ணியிருக்கிறேன். நான் நாடி பிடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும்.

"ரைட்டரே, அத்த இப்டி தொட்டுத் தொட்டுப் பாத்துகினே இருந்தா அதுக்கே பேஜாராயி ஒருநாள் நின்னுடும்" என்பார்.

நடந்தால் இருதயத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லி, செப்டம்பர் மாதம் முதல் தினமும் மாலை நடக்க ஆரம்பித்தேன். துணைக்கு அவரை இழுத்துக்கொண்டேன். போவதற்கு இருபத்திரண்டு கம்பங்கள், வருவதற்கு அதே இருபத்திரண்டு. நூறு நாள் விடாமல் நடப்பது என்று சங்கற்பம்.

முதலில் அவர் எனக்கு முன்னால் போய் நின்று கேலி பண்ணுவார். அக்டோபர் கடைசியில் அவர் நடுவில் ஓரிடத்தில் நிற்க ஆரம்பித்தார். நிற்கும்போதெல்லாம் கடலைக் கை காட்டி, "இன்னா ரைட்டரே, அத்தோ அந்தக் கப்பலு எந்த ஊருதுபா?" என்று கேட்பார். நான் கொடியை உற்றுப் பார்த்துப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி நடப்பார். நவம்பர் நடுவில் மூன்று இடத்தில் நின்றார். டிசம்பர் பிறந்ததும் ஐந்து. இருபத்து மூன்று நிமிஷத்தில் முடிந்த நடை முப்பத்து நாலு நிமிஷம் ஆயிற்று. அவருக்குக் கப்பல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் கடுகடுத்தேன். அவர் நின்ற கம்பங்களையும் நோட்டில் குறித்தேன். தாமதத்துக்கு யார் காரணம் என்று பின்னால் காட்டலாமே என்றுதான் குறித்தேன்.

இடது தோளும் கையும் கனக்கிறது என்று நடுநடுவே சொல்வார். "முப்பது வருசம் மூட்ட ஏறுன தோளு. சும்மா வுடுமா?" அதுவும் நியாயமாகவே பட்டது. துறைமுகத்துச் சுமைகாரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். தாடை வலிக்கிறதென்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். வலி போகவில்லை. பல் மாற்றிப் பிடுங்கிவிட்டான் என்று பல் வைத்தியரைத் திட்டினார். நெஞ்சு அடைக்கிறது என்றால் வாயு. தோளுக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று என்று மூன்று காரணங்களைத் தனித்தனியாக வைத்திருந்தோம்.

அந்த வியாழக்கிழமை அவர் உறவினர் வீட்டுக் கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். "இன்னிக்கு வேணாம்பா, வயிறு கல்லாட்டம் கீது" என்றார்.

"தொண்ணூற்று நாலாவது நாள் மேஸ்திரி. இன்னும் ஆறே நாள். நடந்தால் ஜீரணம் ஆகும்" என்றேன். பாவம், வந்தார்.

மூன்றாவது கம்பத்தில் நின்றார். கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. உள்ளங்கையை விரித்து நடுமார்பில் அழுத்திக்கொண்டார். அந்த வாடையில் நான் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தேன். அவருக்கோ நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கடிகாரத்தை எடுத்து, அவர் நாடியைப் பிடித்து, ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணினேன். எண்பது. ஒன்றுகூடத் தவறவில்லை. என்னுடையதைவிட ஒழுங்காக இருந்தது.

"இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, வாயுதான்" என்று தீர்ப்புச் சொல்லி, எதிர்க் கடையில் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்தார், ஏப்பமும் விட்டார். "பார்த்தீர்களா" என்று சொல்லி நடக்க வைத்தேன். இரண்டு கம்பம் நடந்தார். ஐந்தாவது கம்பத்தடியில், ஈரத்தரை என்றும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது.

"எழுந்திருங்கள், உட்கார்ந்தால் வாயு கலையாது" என்று நான் தோளைப் பிடித்துத் தூக்கப் போனேன்.

அப்போது கூடையோடு எதிரே வந்த கருவாட்டுக்காரப் பெண் ஒருத்தி, "யோவ் பெரியவரே, அவரை இன்னாத்துக்கு எயுப்புறே? குந்தட்டும் வுடு" என்றாள். கூடையைத் தரையில் வைத்துவிட்டு அருகில் வந்து பார்த்தாள்.

"வாயு அம்மா, நாடியெல்லாம் சரியாக இருக்கிறது" என்றேன்.

"எங்க வூட்டுக்காரரும் இப்டித்தான் உள்ளங்கைய நெஞ்சுல வச்சிகினு குந்துனாரு. வாயுன்னு நாங்களும் சோடா குடுத்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. நான் கருவாடு விக்கிறேன்."

அவள் உடனே திரும்பி, போய்க்கொண்டிருந்த ஒரு காலிக் கைவண்டியைக் கூப்பிட்டு நிறுத்தினாள். கருவாட்டை மூடியிருந்த கோணியை உருவிச் சுருட்டி முதுகுக்கு முட்டுக் கொடுத்து, மேஸ்திரியைச் சாய்ந்து உட்காரும்படி வைத்தாள். "படுக்க வைக்காதே, நடக்க வுடாதே" என்று வண்டிக்காரரிடம் சொன்னாள். அதற்குள் தூறல் ஆரம்பித்து, திறந்து கிடந்த கருவாடு நனைந்துகொண்டிருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் வீடு நானூறு கஜ தூரம். அந்த வழியில் மட்டும் நான் கம்பங்களை எண்ணவில்லை.

டாக்டர் நூல் சுற்றிய ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கைக்குட்டையில் வைத்து நசுக்கி, மேஸ்திரியின் மூக்கருகே பிடித்தார். அழுகிய பழம் போல ஒரு வாடை. மூன்று நிமிஷத்தில் அவர் முகத்தில் இரத்த ஓட்டம் திரும்பியது. இறுகியிருந்த கை மெல்ல மார்பை விட்டு இறங்கியது.

"இதற்கு முன் வந்திருக்கிறதா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல நைனா. இன்னிக்குக் கொஞ்சம் அதிகமா துன்னுட்டேன், அதான் வாயு" என்றார் மேஸ்திரி.

நாற்பது பேரை மேய்த்த மனுஷன் நாலு அடி நடக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வார்? கப்பலைக் காட்டிய காரணம் எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து வாசித்தேன். அக்டோபர் 27, ஒரு நிறுத்தம், பதினாலாவது கம்பம். நவம்பர் 15, மூன்று நிறுத்தம். டிசம்பர் 3, ஐந்து.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "போகும்போதா, வரும்போதா?"

புரட்டிப் பார்த்தேன். நிறுத்தம் எல்லாம் வடக்கே போகும்போதுதான். வரும்போது ஒன்றுகூட இல்லை.

"போகும்போது வாடைக்காற்றை எதிர்த்து நடக்கிறார். வரும்போது அது முதுகைத் தள்ளுகிறது" என்றார் டாக்டர். பிறகு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். உடம்புக்கெல்லாம் இரத்தம் அனுப்பும் இருதயத்துக்கும் இரத்தம் வேண்டும். அதற்கு வரும் குழாய்கள் குறுகிப்போனால், சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. நடந்தால், படியேறினால், வயிறு நிறையச் சாப்பிட்டால், குளிர்காற்று அடித்தால், கோபம் வந்தால் இருதயம் அதிகம் கேட்கும். கிடைக்காது. அப்போது நெஞ்சு இறுகும். அந்த வலி இடது கைக்கும் தாடைக்கும் போகும். நின்றால் தணியும். நின்றும் தணியாமல் வியர்த்தால் பெரிய ஆபத்து.

"நாடி எண்பதுதான் இருந்தது" என்றேன் மெதுவாக.

"இருக்கும். குழாய் குறுகியிருப்பதை நாடி சொல்லாது. நின்று நின்று நடந்தார் பாருங்கள், அதுதான் சொல்லியது."

மேஸ்திரி கண்ணை மூடியபடியே, "அப்ப அந்தப் பல்லு?" என்று கேட்டார்.

"நல்ல பல்லாகத்தான் இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

ஆறு வாரம் கட்டில். பீடி கூடாது. மறுபடி நெஞ்சு இறுகினால் நசுக்கி முகர்ந்து பார்க்க அதே கண்ணாடிக் குப்பிகள் சில கொடுத்தார். நோட்டின் மற்ற பக்கங்களையும் டாக்டர் பார்த்துவிட்டு, கேட்காமலே என் மார்பிலும் குழலை வைத்தார். எனக்கு அடி தவறுவதற்குக் காப்பியும் மூக்குப்பொடியும்தான் காரணம், குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். மயக்கமோ, மூச்சுத் திணறலோ, கால் வீக்கமோ வந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டாள். நனைந்த கருவாடு முழுவதையும் விலைக்குக் கேட்டேன். அதற்கு மட்டும் சம்மதித்தாள். கூடையோடு கட்டிலருகே போய் நின்றபோது மேஸ்திரி பார்த்துவிட்டு, "ரைட்டரே, நீ எப்பலேந்து கருவாடு துன்றே?" என்று சிரித்தார்.

இப்போதும் நாங்கள் நடக்கிறோம், வெயில் காலத்தில் மட்டும், மெதுவாக, ஐந்து கம்பம் வரை. ஒவ்வொரு கம்பத்திலும் நான்தான் முதலில் நிற்கிறேன். கடலைக் காட்டி, அந்தக் கப்பல் எந்த ஊர்க்கப்பல் என்று கேட்கிறேன். "எனக்குத் தெரியும்பா உன் வேல, நட" என்பார். ஆனாலும் நின்றுகொள்வார். மனுஷன் நிற்பதை எண்ணத் தெரிந்த எனக்கு, ஏன் நிற்கிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லையே என்பதை, அந்தக் கம்பங்களைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

டாக்டருக்கு இரண்டு ரூபாய். கண்ணாடிக் குப்பிகள் ஒன்றேகால் ரூபாய். கருவாடு பத்தணா. கைவண்டிக்காரர் மேஸ்திரியிடம் முன்பு வேலை செய்தவராம், வாங்கவில்லை. இவற்றில் எதைப் பற்றியும் எனக்கு வருத்தமில்லை. என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது, மூன்றாவது கம்பத்தடியில் நான் வாங்கிக் கொடுத்த அந்த சோடாவுக்கு ஆன அரையணா. அதையும் சேர்த்து மொத்தம் மூன்று ரூபாய் பதினாலரை அணா.