நைனாவை உட்கார வெச்ச பங்கு மீன்

எண்பதுகள் ஆரம்பத்துல ஏரியில எறா பிடிக்கும்போது ஆளிச் சிப்பி எங்க நைனாவோட காலைக் கிழிச்சுடுச்சு. ஆறவே இல்லைன்னு டவுன் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனா, சர்க்கரைன்னாங்க. "புண்ணு ஆறுற வரைக்கும் ரெஸ்ட் எடுப்பா"ன்னாரு டாக்டர். ரெண்டு மாசத்துல புண்ணு ஆறிடுச்சு. ரெஸ்ட் மட்டும் நாலு வருஷம் ஓடுச்சு.

எங்க குப்பத்துல ஏரியில வலை போட முறை உண்டு, அதுக்குப் பாடுன்னு பேரு. ஒருத்தர் நோவுல படுத்தா, அவர் முறைக்கு மத்தவங்க போய் வலை போட்டு, பங்கு மீனை வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. நல்ல மனசுதான், யாரு இல்லேன்னா? அதை நெனைச்சாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. நைனாவை ஒருத்தனும் தண்ணியில எறங்க விடலை. பாக்க வர்றவனெல்லாம் ரொட்டி, பிஸ்கெட் தூக்கிட்டு வருவான். பால்ல கலக்குற சத்துமாவு டப்பாவை மொதல்ல வாங்கியாந்தவ நானு. சர்க்கரைக்காரருக்கு! என் புத்திய இன்னா சொல்ல?

அப்புறம் நான் சுகாதார வேலைக்கு டிரெயினிங் போனேன். அங்க பாடம் எடுத்த நர்சம்மா ஒருநாள் சொன்னாங்க: "ஆதியில மனுஷன் நடந்து, ஓடி, தோண்டித்தான் தின்னான். இன்னிக்குக் கெடைச்சா நாளைக்குப் பட்டினி. அதனால கெடைச்சதைச் சேத்து வெச்சுக்கிற ஒடம்பா ஆயிடுச்சு. இப்ப நடையும் இல்ல, பட்டினியும் இல்ல. ஒடம்பு மட்டும் பழைய நெனப்புலயே சேக்குது." சர்க்கரைக்காரங்களை நடக்க வைங்க, பாதம் மரத்துப் போயிருக்கும், செருப்பில்லாம விடாதீங்கன்னும் சொன்னாங்க. எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டேன்.

லீவுல வந்தா, நைனா செவுத்துல சாஞ்சு பிஸ்கெட்டை டீயில தொட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. அன்னிக்கு அவர் பாடு. எனக்கு வந்ததே கோவம்! "எழுந்திரு நைனா, உன் முறைக்கு நீயே போ"ன்னேன்.

"இன்னாமே, சீக்காளியைப் போட்டு இம்சை பண்றே?"ன்னு பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தாரு.

"நீங்க குடுக்கிற பங்குதான்யா இவரைக் கொல்லுது!"ன்னு தெருவே கேக்கக் கத்தினேன்.

நைனா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சிரிச்சாரு. யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு நாலு வருஷமாக் காத்திருந்தாராம், பாவி மனுஷன்.

கரையில வலை விரிச்சுக் காயப் போட்டிருந்தாங்க. வலை காயுற எடத்துல நாங்க செருப்புக் காலோட மிதிக்க மாட்டோம். "கழட்டு நைனா"ன்னு சொன்னது வேற யாரும் இல்ல, நான்தான். வெறுங்காலோட போய் படகைத் தள்ளினாரு. சாயங்காலம் ராஜா மாதிரி திரும்பி வந்தாரு. கால் கழுவத் தண்ணி ஊத்தினப்போ பாத்தேன், குதிகால்ல ஒரு விரக்கடை ஆழத்துக்குச் சிப்பி ஏறியிருந்தது.

"வலிக்கவே இல்லையேம்மா"ன்னாரு, அவ்ளோ சந்தோஷமா.

அந்தப் புண்ணு ஆறலை. முட்டிக்குக் கீழ காலை எடுத்துட்டாங்க. குப்பத்துல ஒருத்தர்கூட என்னை ஒரு வார்த்தை கேக்கலை. திட்டியிருந்தா தேவலை. அவரோட அடுத்த பாடு வந்தப்பவும் பங்கு மீன் தவறாம வீட்டுக்கு வந்தது. நான்தான் ஆய்ஞ்சு கொழம்பு வெச்சேன்.