காபன் தாளில் கசிந்த இடமாற்றம்

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் ஒரு கூட்டுறவுச் சங்கக் காரியாலயத்தில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்து நாலே மாதம். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் தலைக்கனத்துக்குக் குறைவில்லை. என் வேகத்துக்கு அடிக்கத் தீவுப் பகுதியிலேயே ஆளில்லை என்று நானே தீர்மானித்து வைத்திருந்தேன்.

எங்கள் மனேச்சருக்கு இரகசியம் என்றால் உயிர். சங்கக்கடைகளில் வேலை செய்பவர்களின் இடமாற்றப் பட்டியலை அடிக்க வேண்டுமென்றால், கதவைச் சாத்திவிட்டுப் புதுக் காபன் தாளைத் தானே எடுத்துத் தருவார். பிரதி பளிச்சென்று விழவேண்டுமாம். அடித்து முடித்ததும் இரண்டு தாள்களையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். நிர்வாகக் குழு கூடிச் சம்மதிக்கும்வரை ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது.

அந்த வாரம் அப்படியொரு பட்டியல் அடித்தேன். அடுத்த நாள் காரியாலயத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவருடைய கணவருக்கு நெடுந்தீவுச் சங்கக்கடையில் வேலை. கடல் அமைதியாக இருந்தால்தான் வீட்டுக்கு வருவார். அக்கா கைக்குழந்தையோடு தனியே இருந்தார். தலையணை உறையில் பூப்போட, படத்தைத் துணியில் பதிக்க வேண்டும், பழைய காபன் இருந்தால் தரச் சொன்னார். காரியாலயத்துக் காபன்கள் எல்லாம் இப்படித்தான் ஊர்த் தலையணைகளில் ரோசாப்பூவாகிக்கொண்டிருந்தன. அன்றைக்குப் பார்த்து இருந்தவை எல்லாம் மை செத்தவை. பாவம் என்று, ஒரே தரம் அடித்த அந்தப் புதுக் காபனைக் கொடுத்துவிட்டேன். எனக்கு எவ்வளவு பெரிய மனசு!

இரண்டு நாள் கழித்து அக்கா ஒரு சட்டி சர்க்கரைப் பொங்கலோடு காரியாலயத்துக்கு வந்து எல்லாருக்கும் கொடுத்தார். கணவருக்கு வேலணைக்கே மாற்றமாம். வாய்க்குக் கொண்டுபோன பொங்கலோடு மனேச்சரின் கை அப்படியே நின்றது. யார் சொன்னது என்று கேட்டார். ஊரில் கதைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அக்கா போனதும் மனேச்சர் பியூன் அண்ணையைக் கூப்பிட்டார். அலுமாரிப் பூட்டைத் திறக்க இரண்டு திறப்புகள் இருந்தன. ஒன்று மனேச்சரிடம், மற்றது அண்ணையிடம். முன்பும் சில விஷயங்கள் வெளியே போயிருந்தன. அந்தக் கோபமும் சேர்ந்துகொள்ள, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். பதினைந்து வருடம் வேலை செய்த மனுசன், நாலு பிள்ளைகளின் தகப்பன், திறப்பை மேசையில் வைத்தார்.

அந்தக் கண்சிமிட்டல் அப்போதுதான் என்னைக் குடையத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அக்கா காபனை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கணவரின் பெயரும் வேலணையும் எழுத்தெழுத்தாகத் தெரிந்தன.

"நீர் வாயால சொல்ல ஏலாமத்தான் இப்பிடித் தந்தனீர் எண்டு நினைச்சன், தங்கச்சி. அதுதான் உம்மைக் காட்டிக் குடுக்கேல்லை."

பேசாமல் இருந்தால் என் வேலை தப்பும். ஒரு நிமிடம் அப்படியும் யோசித்தேன், ஏன் மறைப்பான்? பிறகு அண்ணையின் முகத்தை நினைத்தேன். காபனை வாங்கிக்கொண்டு போய் மனேச்சரின் முன்னால் நின்றேன்.

"அண்ணை சொல்லேல்லை, சேர். நான்தான் இதைக் குடுத்தனான்."

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். முகம் சிவந்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மனுசன் மெல்லக் கதிரையில் சாய்ந்தார்.

"வழமையா இதுகளை நான்தான் வீட்ட கொண்டுபோறனான், பிள்ளை. என்ர மனிசியும் பூப்போடுறவ. இந்தமுறை மறந்துபோனன்."

முன்பு போன இரகசியங்கள் எல்லாம் எந்த வீட்டு வாசலால் போயின என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. எனக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை. அவர் என்னைவிடப் பலமாகச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு எழுந்து வெளியே போய், சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த அண்ணையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். திறப்பைத் திரும்பக் கொடுத்து, தன் கையாலேயே பொங்கலும் போட்டுக் கொடுத்தார். அண்ணை அழுதுகொண்டே சாப்பிட்டார், நாங்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

நிர்வாகக் குழு பட்டியலை அப்படியே ஏற்றது. நெடுந்தீவுக்காரர் வீடு வந்து சேர்ந்தார். என்னையும் நிரந்தரமாக்கினார்கள். பாவித்த காபனை எரிப்பது அன்றிலிருந்து என் பொறுப்பு, ஊர்ப் பெண்களின் ஏச்சும் எனக்கே.

இப்போது என் மகள் கம்பனிகளின் கணினி மென்பொருள்களில் விஷயம் எந்த ஓட்டையால் கசிகிறது என்று தேடும் வேலை பார்க்கிறாள். அவள் அதைப் பெரிதாக விளக்கும்போதெல்லாம் எனக்குத் தலையணை உறைதான் ஞாபகம் வரும். ஒரு விஷயம் வெளியே போய்விட்டதென்றால், ஆளைப் பிடிக்க முதல் அது போன வழியைத் தேடுவது அன்றிலிருந்து என் பழக்கம்; அதனால் இத்தனை வருடத்தில் ஒருவரையும் அநியாயமாகக் குற்றம் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் பெரிய சந்தோஷம்.