நைனாவுக்குப் போட முடியாத நம்பர்

அமெரிக்காக்காரர்களின் நோய்களுக்குச் சென்னையில் உட்கார்ந்து நம்பர் போடுவது என் வேலை. அங்கே டாக்டர் எழுதியதைப் படித்து, அந்த நோய்க்கு உரிய குறியீட்டைத் தட்ட வேண்டும். மெடிக்கல் கோடிங் என்பார்கள். சேர்ந்த அன்றே தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு: டாக்டர் எழுதாததைப் போடாதே. உனக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும் போடாதே.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா ஊரிலிருந்து, திருப்பதிக்குப் பக்கத்து வடமாலபேட்டையிலிருந்து, போன் செய்தாள். அப்பாவை எங்கள் வீட்டில் எல்லோரும் நைனா என்போம்.

"நைனாவுக்குக் காலையில மண்டியில மாங்கா கூடை தூக்கும்போது நெஞ்சுல புடிச்சிக்கிச்சி. முதுகு வரிக்கும் கிழிக்கற மாதிரி வலிச்சிதாம். சுளுக்குன்னு உருவி வுட்டாங்க. இப்ப தேவல."

நெஞ்சிலிருந்து முதுகுக்கு ஓடும், கிழிக்கிற வலி. இதை எத்தனை அமெரிக்கர்களுக்குப் படித்திருப்பேன்! இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்துபோவது அது. அதற்கு நம்பர் ஐ எழுபத்தொன்று புள்ளி பூஜ்யம். சிலருக்கு வலி நடுவில் தணியும். தணிந்துவிட்டதே என்று இருந்தால் ஆள் போய்விடுவார். எங்கள் பக்கம் சுமை தூக்குகிறவர்களுக்கு எந்த வலி வந்தாலும் முதலில் சுளுக்குதான். விளக்கெண்ணெய் போட்டு உருவுவார்கள். பாதிப் பேருக்குச் சரியாகியும் விடும், அதுதான் வினை.

போனை நைனாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"நைனா, உடனே திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போ. ஸ்கேன் எடுக்கணும்."

"ஏமி காதம்மா, ஒண்ணுமில்ல. களி துன்னுட்டேன், வலி போயிடுச்சி. லோடு நிக்கிது, மண்டிக்குக் கெளம்பிக்கினு இருக்கேன்."

"கூடையைத் தொடாத நைனா!"

"நீ இன்னா டாக்டரா?" என்று சிரித்தார்.

கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. தம்பி குவைத்தில், நான் சென்னையில். பெற்றது இரண்டும் பிழைக்கப் போய்விட்டோம், அவர் கையைப் பிடித்து இழுத்துப்போக ஊரில் யார் இருக்கிறார்கள்? கடைசியில் வாய்விட்டு அழுதேன்.

"அழுவாதம்மா. போறேன்" என்றார்.

அம்மா அவரை ஆட்டோவில் ஏற்றினாள். நான் திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். அவரை விட்டுவிடாதே என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ரேணிகுண்டா தாண்டிவிட்டதாக அம்மா சொன்னாள். அடுத்த முறை போன் வந்தபோது அவளால் பேச முடியவில்லை. அலறல் மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். நான் அந்த நோயின் பெயரைச் சொல்லி, அதை எழுதுங்கள் என்று கெஞ்சினேன். இருக்கலாம், ஸ்கேன் எடுக்காமல் நான் எப்படியம்மா எழுதுவது என்று தெலுங்கில் கேட்டார். நெஞ்சுவலி, வரும்போதே உயிர் இல்லை என்று எழுதினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விதிமேல் வந்தது, எனக்குச் சோறு போடுகிற அதே விதிமேல்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். சில நாளிலேயே நைனா வயதில் ஒருவரின் கோப்பு வந்தது. கிழிக்கிற வலி, உடனே ஆம்புலன்ஸ், ஸ்கேன், ஆபரேஷன். நடந்தே வீட்டுக்குப் போயிருந்தார். எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. ஐ எழுபத்தொன்றைத் தட்டினேன்.

நைனாவுக்கு நெஞ்சுவலி என்றுதான் இருக்கிறது.