ஜெராய் மலையில் கடித்த பிளேயர்

அப்பாவுக்குச் சாமிமேல் இருந்த நம்பிக்கையைவிடத் தன் பழைய லாக் பிளேயர்மேல் இருந்த நம்பிக்கை அதிகம். கரங்கான் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆலையில் அவர் ஃபிட்டர். முதலில் அலோர் ஸ்டாரில் புத்தம் புதிதாகத்தான் ஒன்று வாங்கினார். பிடித்து அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ள வேண்டிய குறடு, ஒருநாள் பூட்டு விட்டுப்போய் அவர் கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துவிட்டது. அடுத்த ஞாயிறே பழைய இரும்புக் கடைக் குவியலைக் கிளறி, வெள்ளைக்காரன் காலத்துப் பிளேயரோடு வந்து நின்றார். துருப்பிடித்த இரும்புக்கு இந்த விலையா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பளபளப்பா சோறு போடும்? இது கடிச்சா விடாதுலா," என்றார் அப்பா. புதியது அலமாரிக்கு மேலே போனது.

எனக்கு ஒன்பது வயது. அந்தப் பழையதால் ரப்பர் கொட்டை உடைப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. பள்ளி விடுமுறையில் அப்படி உடைத்துவிட்டு எங்கோ போட்டுவிட்டேன். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. புதியதை இறக்கி, பழையதைச் சுற்றி வைக்கும் எண்ணெய்த் துணியிலேயே சுற்றி, காரிலிருந்த சாமான் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தேன். அப்பாவின் நகம் அப்போது நினைவுக்கு வரவில்லை, அவருடைய பெல்ட்டுதான் வந்தது.

மறுநாளே ஜெராய் மலைக்குப் போனோம். முன்னால் அப்பாவும், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும். பின்சீட்டில் நான். சாயங்காலம் இறங்கும்போது பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. அப்பா காரை மலையோரத்தில் உரசி எப்படியோ நிறுத்தினார். முன்சக்கரத்து பிரேக் குழாய் கிழிந்து எண்ணெய் ஒழுகியது. பனி ஏறிக்கொண்டிருந்தது. வேறு வண்டி ஒன்றும் வரவில்லை.

குழாயை நெரித்துப் பூட்டிவிட்டால் மற்ற சக்கரங்களில் பிரேக் பிடிக்கும் என்று சொல்லி, துணிச்சுருளை எடுத்துக்கொண்டு அப்பா காருக்கடியில் நுழைந்தார். அவர் வெளியே வர வெகுநேரம் ஆனது.

"புடிக்குமாங்க?" என்றாள் அம்மா.

"பழசுதான்லா இது. கடிச்சா விடாது. ஏறுங்க."

சொல்லிவிட வாயைத் திறந்தேன். சொன்னால் அடி, சொல்லாவிட்டால் பள்ளம். நான் அடிக்குத்தான் அதிகம் பயந்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பெட்டியிலிருந்த பிரேக் எண்ணெயை ஊற்றிவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் பூட்டு விட்டுப்போகும் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மாரியம்மனுக்கு எத்தனை தேங்காய் நேர்ந்தேனோ, கணக்கில்லை. அப்பாவோ தம்பிக்கு ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அவருடைய இடக்கை மட்டும் அடிவாரம் வரை ஹேண்ட் பிரேக்கை விடவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவர் குழாயை மாற்றினார். கழற்றிய பிளேயரைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கோழிக்கூண்டுக்கு அடியில் அகப்பட்ட பழையதை நான் நைசாக மாற்றி வைத்தேன். அப்பாவையே ஏமாற்றிவிட்ட பெருமை பல வருஷம் எனக்குள் இருந்தது.

அப்பா போன பிறகு இரண்டு பிளேயரும் என்னிடம் வந்தன. பழையது நல்ல கனம், புதியது லேசு. கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். துணியைப் பிரிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்று அந்தக் காரில் உண்மை தெரிந்து பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.