பதினோரு மணிக்கே முடிந்த விழா

காலம் மாறாமல் எழுதுங்கள் என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது. இருபத்தெட்டு வருஷமாகக் காரைக்காலைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் எடுக்கிறேன். கட்டுரையின் முதல் வரியில் பிள்ளை நேற்று கடற்கரைக்குப் போயிருக்கும், அடுத்த வரியில் இப்போது போய்க்கொண்டிருக்கும், மூன்றாவது வரியில் நாளைக்குத்தான் கிளம்பும். நாற்பது தாள் திருத்தினால் நாற்பது பிள்ளைகளும் இப்படித்தான் கடற்கரையில் அலைவார்கள். சிவப்பு மையில் வட்டம் போட்டுப் போட்டு எனக்குக் கட்டைவிரல் வலிதான் மிச்சம்.

அவர்கள் மேல் முழுத்தப்பும் இல்லை. நம் வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் கதை சொல்கிறோம். "நேத்து மார்க்கெட்டுக்குப் போறேன், அங்க பாத்தா இவ நிக்கிறா" என்றால் கேட்பவர்களுக்கு ஒரு குழப்பமும் வராது. அதையே ஆங்கிலத்தில் எழுதினால் மார்க் போய்விடும். இறந்தகாலத்தில் ஆரம்பித்த சம்பவத்தை இறந்தகாலத்திலேயே முடியுங்கள் என்று ஒவ்வொரு ஜூனிலும் போர்டில் எழுதுகிறேன். ஜூலையில் யாருக்கும் அது நினைவிருப்பதில்லை.

இந்த விஷயத்தில் நான் கறாரானவள் என்பதால், பள்ளியில் விழா என்றாலே பேப்பருக்குச் செய்தி எழுதும் வேலை என் தலையில் விழும். விழா மூன்று மணிக்கு என்றால் செய்தி காலை பதினோரு மணிக்கே நிருபரிடம் போய்விட வேண்டும். தாமதித்தால் மறுநாள் வராது. ஆகவே இன்னும் வராத விருந்தினர் வந்து, ஏற்றாத குத்துவிளக்கை ஏற்றி, பேசாததைப் பேசி, நாட்டுப்பண்ணுடன் விழா இனிதே நிறைவுபெற்றுவிடும். ஆங்கிலத்தில் ஒரு பிரதி, தமிழில் ஒரு பிரதி. இரண்டிலும் ஒரு வினைச்சொல்கூட இறந்தகாலத்தை விட்டு நகராது. இதில் தப்பு இருப்பதாக எங்கள் பள்ளியில் யாரும் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

போன வருஷம் என் பக்கத்து மேசைக் கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றார். பதினைந்து வருஷம் ஒரே சாப்பாட்டு டப்பா மூடியில் ஊறுகாய் பங்கு போட்டுக்கொண்டவர்கள் நாங்கள். அவர் வாழ்நாள் முழுக்கத் தமிழில் கணக்கு நடத்தியவர். பாடமெல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிய பிறகு, ஒரு பெற்றோர் கூட்டத்தில் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பேசினார். ஒரு தகப்பன் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டு, "எம் பையன் நேத்து பாஸா, நாளைக்குப் பாஸா டீச்சர்?" என்று கேட்டான். அந்த அறையில் நானும் இருந்தேன். அதற்குப் பிறகு கணக்குப் புத்தகத்துக்கு வெளியே அவர் வாயிலிருந்து ஒரு ஆங்கில வாக்கியம் வந்து நான் கேட்கவில்லை.

ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது இரண்டு பக்கத் தாளை என் மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், என் ஏற்புரை. கடைசி நாள்ல மட்டும் நாலு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசிட்டுப் போயிடுறேன். எல்லார் முன்னாடியும். நீங்க திருத்திக் குடுங்க."

முதல் நாள் பள்ளிக்கு வந்தது, ஒரு மழையில் வகுப்பறை ஒழுகியது, கணக்கில் பூஜ்யம் வாங்கிய ஒருத்தி பின்னால் நர்ஸாகி வந்து அவருக்கே ஊசி போட்டது என்று நல்ல பேச்சுதான். காலங்கள் மட்டும் கண்டபடி கலந்து கிடந்தன. இருபத்திரண்டு இடத்தில் வட்டம் போட்டேன். பிறகு ஒரு மாதம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் காலியாகக் கிடந்த லேபில் அவர் நின்று பேசுவார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, அரைத் தூக்கத்தில், தடம் மாறும்போதெல்லாம் கையைத் தூக்குவேன். கடைசி வாரம் கையைத் தூக்க வேலையே இருக்கவில்லை.

விழா நாளன்று வழக்கம்போலப் பதினோரு மணிக்குச் செய்தியை அனுப்பினேன். அவர் சரளமான ஆங்கிலத்தில் ஏற்புரை ஆற்றி அனைவரையும் நெகிழ வைத்தார் என்று எழுதியிருந்தேன். அவரிடமும் சொன்னேன்.

"அய்யோ, இன்னும் பேசவே இல்லையே டீச்சர்" என்று சிரித்தார்.

கீழவாஞ்சூர் பக்கம் துறைமுகத்து நிலக்கரி லாரிகளின் வரிசையில் சிறப்பு விருந்தினரின் கார் மாட்டிக்கொண்டது. முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். அப்புறம் பொன்னாடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. பிள்ளைகளின் பஸ் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. நிகழ்ச்சியைத் தொகுத்தவளும் நானே. காலையிலிருந்து நின்று கால் வீங்கிப்போயிருந்தது. பள்ளி முதல்வர் என் பக்கம் குனிந்து, "டீச்சர், நேரா நன்றியுரைக்குப் போயிடுங்க" என்றார்.

நாலு நிமிஷம்தான் சார் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, விட்டிருப்பார். நான் சொல்லவில்லை. களைப்பு என்பது பாதி உண்மைதான். மீதி உண்மையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தப் பேச்சு இன்னும் பாக்கி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. லேபில் முப்பது தடவை கேட்டாயிற்று, பதினோரு மணிக்கு எழுதியும் அனுப்பியாயிற்று. என் மனசில் அது முடிந்துபோன காரியம். மைக்கில் நன்றியுரைக்கு ஆள் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளும் கையுமாக நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். பிறகு மெல்ல உட்கார்ந்து, மடியிலிருந்த மாலையைச் சரிசெய்துகொண்டார்.

மறுநாள் பேப்பரில் அவர் சரளமாகப் பேசியிருந்தார்.

அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. என் வீடு இருக்கும் தருமபுரத்திலிருந்து பஸ் பிடித்துத் திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். காபி கொடுத்தார். பழி சொல்வார் என்று காத்திருந்தேன்.

"பேப்பரை யாரோ போட்டோ எடுத்து எங்க அக்காவுக்கு அனுப்பிட்டாங்க டீச்சர். நேத்து பாரீஸ்லேருந்து போன் பண்ணுனாங்க. இங்கிலீஷ்ல பேசுனியாமேன்னு கேட்டாங்க. நான் ஆமான்னுட்டேன்."

அவர் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அந்தப் பொய்யையும் நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"என்ன பேசுனேன்னு சொல்லிக் காட்டச் சொன்னாங்க. சொன்னேன்."

"முழுசாவா?"

"இல்ல டீச்சர். பாதியில அவங்க பஸ் வந்துருச்சு."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "தப்பு என்னோடது. நான்தான் உங்களைப் பேசக் கூப்பிடாம விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

"விடுங்க. உங்களுக்கும் அன்னிக்கு நிக்கவே முடியல, பாத்தேனே."

"மீதியை எங்கிட்ட சொல்லுங்க டீச்சர். நான் உக்காந்து கேக்குறேன்."

டிவி மேல் அந்த இரண்டு பக்கத் தாள் இருந்தது. என் இருபத்திரண்டு வட்டங்களும் வெளியே தெரிந்தன. அவர் அதை எடுத்து நாலாக மடித்தார்.

"உங்களுக்குத்தான் தெரியுமே டீச்சர்" என்றார்.