டன்வெல் பகுதி ஆக்கள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒஸ்லோ ரயில் நிலையத்தில் நிற்கிறேன். கூட்டிப்போக வருவதாகச் சொன்ன தங்கையைக் காணவில்லை. யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஒரு தமிழர் 'டன்வெல்' என்று எழுதிய அட்டையோடு நிற்கிறார். அது என் குடும்பப் பெயர். பூட்டனார் கிறிஸ்தவரானபோது வெள்ளைக்காரப் பாதிரியார் கொடுத்தது. தங்கை அனுப்பிய ஆள்தான் என்று பெட்டியை நீட்டுகிறேன்.

"அண்ணை, நான் இங்கிலாந்து நடிகர் ஒருத்தரை நாடக ஒத்திகைக்கு ஏத்த வந்தனான்."

"நானும் டன்வெல்தான், தம்பி. யாழ்ப்பாணத்திலை பண்டத்தரிப்பு."

என் கடவுச்சீட்டைப் பார்த்துச் சிரிக்கிறார். "என்னை இஞ்சை அப்பாவின்ரை பேராலைதான் கூப்பிடுறவை. ஒரு நாளும் வேலைக்குப் போகாத மனுசன், இப்ப என்ரை புண்ணியத்திலை அவரின்ரை பேர் கிழமைக்கு ஆறு நாள் டாக்சி ஓடுது."

அதற்குள் மற்ற டன்வெல் வருகிறார். சினிமாவிலும் நடித்தவராம்; நெடிய, நரைத்த மனிதர். சாரதி விஷயத்தைச் சொன்னதும் என்னைக் கட்டிப்பிடித்து, முதலில் என்னை இறக்கிவிடச் சொல்கிறார்.

தங்கை இருக்கும் ஹொல்ம்லியாவில் அவள் மாவு படிந்த கையோடு வாசலுக்கு ஓடி வருகிறாள். "அண்ணா, நாளைக்கு வாறியள் எண்டெல்லோ இருந்தனான்." பிறகு காருக்குள் எட்டிப் பார்க்கிறாள். "இவர் ஆர்?"

"உங்கட ஆக்கள்தானாம், அக்கா," என்கிறார் சாரதி.

"அப்ப ஏன் வெளியிலை இருத்தி வச்சிருக்கிறியள்? புட்டு ஆறுது."

சாரதி ஒத்திகை நேரத்தைச் சொல்லத் திரும்புகிறார். நடிகர் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

இன்றுதான் எழுத முடிந்தது: புரட்டாதி 14.